பன்னிரண்டு கட்டைகளுக்குள் நம் பாட்டு அடங்குமா?



ஏறக்குறைய ஒன்றரைச் சாண் நீளம், இருபத்தைந்து கட்டைகள், கணினியில் செருக ஒரு கம்பி. சிறிய மிடி கீபோர்டு என்பது இவ்வளவுதான். இதைக் கொண்டு வீட்டிலிருந்தபடியே இசை அமைக்கலாம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களில் சிலர் வாங்கியும் இருப்பீர்கள். வாங்கியவர்கள் முதல் நாளிலேயே ஒரு வியப்பை அடைந்திருப்பீர்கள். கம்பியைச் செருகிக் கட்டையை அழுத்தினால் ஓசையே வராது! கருவி பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்பவர்களும் உண்டு.

கருவியில் பழுது ஏதும் இல்லை. இவ்வகைக் கீபோர்டுகளுக்குள் ஒலி எழுப்பும் உறுப்பே கிடையாது. கட்டையை அழுத்தும்போது இது கணினிக்குச் சில எண்களை அனுப்புகிறது. அந்த எண்களைப் பார்த்து ஒலியை உண்டாக்குவது கணினியிலுள்ள மென்பொருளே.

ஓசையில்லாத இக்கருவிக்குக் காதும் இல்லை. வந்த சுரம் சரியா, பாட்டு இனிக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே, இதைக் கையாளக் கற்க விரும்பும் மாணவர், கட்டைகளைப் பழகும் முன்பே தம் காதைப் பழக்க வேண்டும். அதுவும் தம் ஊரின் ஒலிகளைக் கொண்டே பழக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எண்ணாக மாறும் இசை

'மிடி' என்றால் தமிழில் வறுமை என்று பொருள். அந்த மிடி வேறு, இந்த மிடி வேறு! 'மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ்' என்ற நீண்ட பெயரின் சுருக்கமே இது. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த மின்னிசைக் கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும் என்று அமெரிக்கரான டேவ் ஸ்மித், ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷி முதலியோர் முயன்றனர். அம்முயற்சியின் பயனாக 1983-ஆம் ஆண்டில் மிடி பிறந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அதே மொழிதான் உலகெங்கும் வழங்குகிறது. 2020-இல் வெளிவந்த மிடி 2.0 அதன் விரிவாக்கமே.

நீங்கள் ஒரு கட்டையை அழுத்தியதும் மூன்று எண்கள் புறப்படுகின்றன. அழுத்தப்பட்டது என்ற செய்தியையும் அது எந்தத் தடத்தில் செல்கிறது என்பதையும் முதல் எண் சொல்லும். எந்தக் கட்டை என்று இரண்டாவது எண் சொல்லும். எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்று மூன்றாவது எண் சொல்லும். பின்னிரண்டும் 0 முதல் 127 வரை இருக்கலாம். பியானோவின் நடுப்பகுதியிலுள்ள 'சி' என்ற சுரத்திற்கு எண் 60. வினாடிக்கு 440 முறை அதிரும் 'ஏ' என்ற சுரத்திற்கு எண் 69.

அழுத்தும் வேகத்தைக் கருவி எப்படி அறிகிறது? பெரும்பாலான கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டையின் அடியிலும் இரண்டு மின்தொடர்புகள் உள்ளன. கட்டை இறங்கும்போது ஒன்று முதலிலும் மற்றொன்று சற்றுப் பின்னும் இணையும். இடைப்பட்ட நேரம் குறைவானால் வேகம் அதிகம். மெல்லத் தொட்டால் மெல்லிய ஒலியும், ஓங்கித் தட்டினால் உரத்த ஒலியும் வருவது இதனால்தான்.

எண்களாக இருப்பதில் ஒரு பெரிய சிக்கனம் உண்டு. குறுந்தட்டின் தரத்தில் 5 நிமிடப் பாட்டை ஒலிப்பதிவு செய்தால் 5 கோடி பைட்டுகளுக்கும் மேல் இடம் வேண்டும். அதே பாட்டைக் கட்டைகளின் கணக்காக மட்டும் எழுதி வைத்தால் சில பத்தாயிரம் பைட்டுகளே போதும். சமையலுக்கும் சமையல் குறிப்புக்கும் உள்ள வேறுபாடு இது. குறிப்பு இலேசானது, திருத்துவதற்கு எளிதானது. ஆனால் குறிப்பில் மணமும் சுவையும் இருக்காதல்லவா?

கட்டை நமக்குப் புதிதா?

'கீபோர்டு வெள்ளைக்காரர் கருவி, நம் சங்கீதத்திற்கு ஒவ்வாது' என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: 'ஐயா, நீங்கள் எத்தனை கட்டைச் சுருதியில் பாடுகிறீர்கள்?' ஒன்றரைக் கட்டை, ஐந்தரைக் கட்டை என்று பதில் வரும். அந்தக் கட்டை எது? ஆர்மோனியத்தின் கட்டைதான்! 'சி' என்ற வெள்ளைக் கட்டை ஒன்று. அடுத்த கறுப்புக் கட்டை ஒன்றரை. அதற்கடுத்த வெள்ளை இரண்டு. மூன்றாம் வெள்ளைக்கும் நான்காம் வெள்ளைக்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லை. அதனால்தான் மூன்றரைக் கட்டைச் சுருதி என்று யாரும் சொல்வதில்லை. அயல்நாட்டிலிருந்து வந்த கட்டை நம் சங்கீதப் பேச்சிலேயே குடியேறிவிட்டது.

நாடக மேடையிலும் அப்படியே. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய காலத்தில் ஆர்மோனியம் மேடையின் உயிர்நாடியாக இருந்தது. தென் மாவட்டத் திருவிழாக்களில் நடக்கும் வள்ளி திருமண நாடகத்தில் இன்றும் ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடிக்கொண்டே வாசிப்பதைப் பார்க்கலாம்.

ஆயினும் பெரியவர்களின் எதிர்ப்பை வெறும் பழமைப் பிடிப்பு என்று தள்ளிவிடக் கூடாது. 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்தே விலக்கி வைத்தது. மகாகவி தாகூரும் அக்கருவியை விரும்பாதவர். அத்தடை முப்பது ஆண்டுகள் நீடித்து, 1970-களின் தொடக்கத்தில்தான் தளர்ந்தது. அவர்கள் சொன்ன காரணம் இன்றைய மிடி கீபோர்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

எங்கே இடிக்கிறது?

சட்ஜமத்தின் அதிர்வெண் 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மேல் சட்ஜமம் 480 ஹெர்ட்ஸ். இடைப்பட்ட தொலைவைப் பன்னிரண்டு சமப் படிகளாக்க, ஒவ்வொரு படியிலும் அதிர்வெண்ணை ஏறத்தாழ 1.0595-ஆல் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். பன்னிரண்டு முறை பெருக்கிப் பாருங்கள். இரண்டு மடங்கு வந்துவிடும். கீபோர்டு இப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கட்டையைச் சட்ஜமமாக வைத்தாலும் இடைவெளிகள் மாறாதிருப்பது இதன் நன்மை.

ஆனால் இயற்கையின் கணக்கு வேறு. சட்ஜமத்தின் ஒன்றரை மடங்கு தூய பஞ்சமம். அதாவது 360 ஹெர்ட்ஸ். கீபோர்டு தருவது 359.6. இது பெரிய வேறுபாடு இல்லை. ஒன்றேகால் மடங்கு தூய அந்தர காந்தாரம். அதாவது 300 ஹெர்ட்ஸ். கீபோர்டு தருவதோ 302.4! இரண்டையும் சேர்த்து ஒலித்தால் வினாடிக்கு இரண்டு முறைக்கு மேல் ஒலி ஏறி இறங்கும். இயற்பியல் பாடத்தில் 'விம்மல்கள்' என்று படிக்கிறோமே, அவைதான் இவை.

தம்புராவில் காந்தாரத்திற்கென்று தந்தி கிடையாது. ஆயினும் நன்கு சுருதி சேர்த்த தம்புராவை மீட்டிவிட்டு உற்றுக் கேட்டால், உள்ளே காந்தாரம் மெல்ல ஒலிக்கும். சட்ஜமத் தந்தி தன் அதிர்வெண்ணின் ஐந்து மடங்கிலும் அதிர்வதால் பிறக்கும் காந்தாரம் அது. அந்தக் காந்தாரத்தில் ஊறிய காது கீபோர்டின் காந்தாரத்தைக் கேட்டு முகம் சுளித்தால் அதில் என்ன வியப்பு?

இதைவிடப் பெரிய இடையூறு கமகம். நம் இசையில் சுரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை; அசைகிறது, வழுக்குகிறது, வளைகிறது. தோடியின் காந்தாரத்தை ஒற்றைக் கட்டையை அழுத்திக் காட்டிவிட முடியுமா? நாதசுரக் கலைஞர் துளையை விரலால் பாதி மூடியும் மூச்சை மாற்றியும் சுரத்தை இழைக்கிறார். நையாண்டி மேளத்தில் உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமவிடுகிறார்கள். அந்தத் தேய்ப்பை 'தட்டு, வேகம் 90' என்ற செய்தியாக எழுதி அனுப்ப முடியாது.

இந்தச் சுருதிக் கணக்கில் நம்மவர்கள் சளைத்தவர்கள் அல்லர். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், தஞ்சையில் மருத்துவராக வாழ்ந்துகொண்டே இசையைக் கணிதத்தால் ஆராய்ந்தார். 1917-இல் வெளிவந்த தம் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலில் சுருதிகள் 24 என்று வாதிட்டார். 22 என்று சொன்ன அறிஞர்கள் மறுத்தனர். யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரு தரப்பாரும் காதால் கேட்டதை எண்ணால் அளக்க முயன்றவர்கள். காது முன்னே, கணக்கு பின்னே என்ற அந்த வரிசையே நமக்குப் பாடம்.

குறை கருவியிலா?

அப்படியானால் மிடி கீபோர்டைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது.

பல சிறிய கீபோர்டுகளின் இடப்புறத்தில் ஒரு சக்கரமோ, குட்டிக் கைப்பிடியோ, தடவும் பட்டையோ இருப்பதைப் பாருங்கள். அது சுரத்தை வளைப்பதற்கான உறுப்பு. மிடி மொழியில் இந்த வளைவுக்கு 16,384 படிகள் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வழக்கமான அமைப்பில் மேலே இரண்டு கட்டைத் தொலைவும் கீழே இரண்டு கட்டைத் தொலைவும் அதனால் வளைக்கலாம். நான்கு கட்டைத் தொலைவுக்குள் பதினாறாயிரம் படிகள்! மனிதக் காதால் பிரித்தறிய முடியாத நுண்மை இது. சில கருவிகள் அத்தனை படிகளையும் அனுப்புவதில்லை என்றாலும், மொழியில் வறுமை இல்லை.

ஆக, தோடியின் காந்தாரம் வராததற்கு மிடியை மட்டும் குறை சொல்ல முடியாது. சக்கரத்தை எப்போது, எவ்வளவு, எந்த வேகத்தில் திருப்புவது? அதைக் கருவி சொல்லாது, மென்பொருளும் சொல்லாது. தோடியைக் கேட்டுக் கேட்டு, பாடிப் பாடிப் பழகிய காதுதான் சொல்ல வேண்டும். அந்தக் காது இல்லாதவரிடம் பதினாறாயிரம் படிகள் இருந்தும் பன்னிரண்டே பயன்படும்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவை எண்ணிப் பாருங்கள். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தவர் அவர். மிடி பிறந்து மூன்றே ஆண்டுகளில், 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தின் இசையில் கணினியைப் பயன்படுத்தினார். கருவி அவருக்குப் புதிது. ஆனால் காது அதற்குள் பல்லாயிரம் பாடல்களைக் கேட்டு விளைந்த காது. புதிய கருவியை அவர் தயங்காமல் கையில் எடுக்க முடிந்ததன் இரகசியம் அதுவே என்று நான் நினைக்கிறேன்.

கூமாப்பட்டியின் ஒலி

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்கு அருகே, மலையடிவாரத்தில் இருக்கிறது கூமாப்பட்டி. பக்கத்தில் பிளவக்கல் அணை. சுற்றிலும் வயலும் தென்னந்தோப்பும். 2025-இல் கைப்பேசிக் காணொளி ஒன்றினால் இவ்வூரின் பெயர் தமிழகமெங்கும் பரவியது நினைவிருக்கும். ஊரின் அழகைப் படமாகப் பலர் பார்த்துவிட்டார்கள். ஊரின் ஒலியைக் கேட்டவர் எத்தனை பேர்?

கூமாப்பட்டியில் ஒரு மாணவி மடிக்கணினியோடு சிறிய கீபோர்டை இணைத்து உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளைத் திறந்ததும் ஆயத்தத் தாளக்கட்டுகள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். அவை எங்கோ தொலைதூர நகரங்களில் பதிவானவை. அவற்றில் இரண்டைச் சேர்த்து, நாலு கட்டையை அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் 'பாட்டு' தயார். நன்றாகவே ஒலிக்கும், ஆனால் உலகில் எந்த ஊரில் உட்கார்ந்து செய்தாலும் அப்படியேதான் ஒலிக்கும். அவள் வீட்டுப் பாட்டியின் தாலாட்டு அதில் எங்கே?

தாலாட்டைச் சற்று ஆராய்வோம். பாடுபவரின் கை தொட்டிலை ஆட்டியபடி இருக்கிறது. தொட்டில் ஓர் ஊசல். கயிற்றுத் தொங்கல் 2 மீட்டர் என்றால், ஒரு முறை போய்வர ஏறத்தாழ 2.8 வினாடி ஆகும். பாட்டு அந்த ஆட்டத்தோடு இசைந்து செல்லும். பிள்ளை சிணுங்கினால் ஓரிடத்தில் நீளும். உறக்கம் வரவரத் தளரும். இதைக் கீபோர்டில் வாசித்துப் பதிந்துவிட்டு, மென்பொருளிலுள்ள 'குவான்டைஸ்' என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு சுரமும் அருகிலுள்ள காலக் கட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நீண்டது குறுகும், தளர்ந்தது நிமிரும். இராணுவ அணிவகுப்பு போலத் தாலாட்டு நடக்கும்! எந்தப் பிள்ளை தூங்கும்?

'பிழை திருத்தம்' என்று மென்பொருள் இதற்குப் பெயர் சொல்லும். காது பழகாத மாணவர் அதை நம்பிவிடுவார். பாட்டி பாடியதுதான் பிழை என்றுகூட நினைத்துவிடுவார். என் அச்சம் இதுதான். நடவு இயந்திரம் இறங்கிய வயலில் நடவுப் பாட்டுக்கு வேலையில்லை. தொட்டிலருகே கைப்பேசி பாடத் தொடங்கிய வீட்டில் தாலாட்டுக்கும் வேலை குறைகிறது. எஞ்சியிருப்பவற்றையும் நாமே கட்டத்துக்குள் நசுக்கி, 'இதுதான் நம் ஊர்ப் பாட்டு' என்று அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டால், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, பாடிவிட்டு அழுத்துங்கள். சரளி வரிசை தெரிந்தால் மாயாமாளவகௌளையில் ஒவ்வொரு சுரத்தையும் வாயால் பாடிய பிறகே கட்டையைத் தொடுங்கள். தெரியாதவர்கள் ஒரு தாலாட்டையோ கும்மியையோ எடுத்துக்கொள்ளலாம். கட்டைக்கும் குரலுக்கும் வேறுபாடு தோன்றும் இடத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அந்த இடங்கள்தாம் நம் இசையின் முகவரி.

இரண்டாவதாக, குரலையும் சேர்த்துப் பதியுங்கள். 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருள் குரலைப் பதிவு செய்யும், 'எல்.எம்.எம்.எஸ்.' என்ற இலவச மென்பொருள் மிடி இசைக்கு உதவும். குரல் பதிவை மாற்றாமல் தனியே காத்து வையுங்கள். அதுவே மூலம், மிடி வடிவம் அதற்கு நீங்கள் எழுதும் உரை. உரை தவறினால் திருத்தலாம். மூலம் தொலைந்தால் தொலைந்ததுதான். பாடியவரின் அனுமதியைக் கேட்டுப் பதியுங்கள். பெயர், ஊர், நாள், பாடும் சூழல் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பாரியைச் சாவு நிகழாத வீட்டில் பாடப் பலர் உடன்படமாட்டார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டாம்.

மூன்றாவதாக, பொத்தானுக்குக் கட்டளையிடுபவர் நீங்களாக இருங்கள். 'குவான்டைஸ்' செய்யும் முன்னும் பின்னும் கேட்டுப் பாருங்கள். கும்மிக்குப் பொருந்தினால் வைத்துக்கொள்ளுங்கள். தாலாட்டைக் கெடுத்தால் நீக்கிவிடுங்கள். கட்டையை அழுத்திய பின் ஒலி தாமதித்து வந்தால் திகைக்க வேண்டாம். கணினி வினாடிக்கு 44,100 ஒலி மாதிரிகளைக் கையாளுகிறது. அவற்றைச் சேர்த்துச் சேர்த்து அனுப்புகிறது. 441 மாதிரிகள் சேர்ந்தால் நூற்றில் ஒரு பங்கு வினாடி தாமதம், 3.4 மீட்டர் தள்ளி நிற்கும் நாதசுரத்தைக் கேட்பதற்கு ஒப்பானது. அதைக் கை பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் மென்பொருளின் அமைப்பில் இந்தச் சேமிப்பைக் குறைத்து வையுங்கள்.

கீபோர்டு வாங்க வசதியில்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. எல்.எம்.எம்.எஸ். மென்பொருளில் கணினியின் எழுத்துப் பலகையையே இசைக்கட்டைகளாகப் பயன்படுத்தலாம். மெல்லத் தொடுவதும் ஓங்கித் தட்டுவதும் அதில் வேறுபடாது. மற்றபடி பயிற்சிக்குப் போதும். இந்த மிடி கற்க அந்த மிடி தடையாக வேண்டாம்!

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் கைத்தாளம் ஒலிக்க அரையர் பாசுரம் பாடும் அரையர் சேவை இன்றும் நடக்கிறது. எழுத்தில் அடங்காத இசையை ஒரு தலைமுறையின் வாயிலிருந்து அடுத்த தலைமுறையின் காது வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அந்தக் காதுக்குத் துணையாக இப்போது உங்களிடம் ஒரு கருவியும் சேர்ந்திருக்கிறது. வருகிற விடுமுறையில் உங்கள் தெருவில் பாடத் தெரிந்த ஒரு முதியவரை அணுகி, ஒரு பாட்டைக் கேளுங்கள். எந்தெந்த இடத்தில் அது பன்னிரண்டு கட்டைகளை விட்டு வெளியே போகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த இடங்களுக்குச் சக்கரத்தைத் திருப்பக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றதை மென்பொருளின் கையேடு சொல்லிக்கொடுத்துவிடும்.